முறுமுறுக்காதவள்

வால்தம்ஸ்டோ
3 செப்டெம்பர் 2023

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி நேசமலருக்கு,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். சபையார் ஒருவருடைய போனிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பாஸ்டரின் குரலைக் கேட்டதும் அவருடைய சொந்தத் தங்கச்சி போனை வைப்பதை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். உன் மச்சாள் தவநாயகியை எங்கள் குடும்ப டொக்டர், அந்த ஜீபி, ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டிருக்கிறார். கோடை முழுவதும் அவளுக்கு வயிற்றில் நோவு, மெலிந்தும் போனாள். இப்போது இல்லை. போன மாத உபவாசக் கூட்டத்தில் அவள்மேல் கை வைத்து ஜெபித்தோம். அடுத்த ஞாயிறு அவளே எழுந்து நின்று, தனக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னாள். சபை அழுதது. ஆனாலும் நான் டொக்டர்களுக்கு விரோதி அல்ல. கொடுத்த நாளுக்குப் போய்க் காட்டுவதுதான் ஒழுங்கு.

புருஷன் நான்தான் கூட்டிப்போக வேண்டும், ஆனால் அன்று எனக்கு பேர்மிங்ஹாமில் கூட்டம். அவளுடைய இங்கிலீஷ் கடைக்குப் போதும், டொக்டருக்குப் போதாது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் தருவார்கள். ஆனால் லண்டனில் தமிழ் மொழிபெயர்க்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் சபையாருக்குச் சொந்தக்காரர். வீட்டு விஷயம் கிரீன் ஸ்ட்ரீட் தமிழ்க் கடைகள் வரை போய்விடும். நீ ஒருவருக்கும் சொல்ல மாட்டாய். உனக்குச் சொல்வதற்கு ஆட்களும் இல்லை.

வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களைப் பற்றித்தான் இந்த மாதம் பிரசங்கிக்கிறேன். உன்னை நினைக்காமல் பிரசங்கிக்க முடியவில்லை. அவர்கள் கேட்டது தண்ணீரையும் இறைச்சியையும். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான்: தேவன் எங்களோடு இல்லை. முறுமுறுப்பு முதலில் வாயில் இருக்கும். பிறகு அவிசுவாசமாகும். கடைசியில் இருதயம் கல்லாகிவிடும், அதற்குப் பிறகு தேவன் பேசினாலும் கேட்காது. யோசித்துப் பார்.

உன் அண்ணன்,
சற்குணம்


குரோய்டன்
7 செப்டெம்பர் 2023

அண்ணை,

போகிறேன், மச்சாளுக்காக. கர்த்தருக்குள் அன்பானவள் என்று என்னை எழுத வேண்டாம், வெறும் தங்கச்சி போதும்.

முறுமுறுப்பு என்ற சொல்லை எனக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை. என் புருஷன் ஸ்ரீனிவாஸை எரித்துவிட்டு வந்த அன்று, என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு சொன்னீர்கள். வேலைக்குப் போன மனிதர் ரயில் மேடையில் விழுந்து செத்துப்போனார்; ஏன் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். "முறுமுறுக்காதை, பிள்ளை. இருதயம் கடினப்பட்டுப் போகும்" என்றீர்கள். அவருடைய தாய் சென்னையிலிருந்து வந்திருந்தா. அந்தச் சொல் என்ன என்று பிறகு என்னிடம் கேட்டா. வீட்டில் எலி சத்தம் போடுவது மாதிரி என்று சொன்னேன்.

என் இருதயம் கல்லானது உண்மை. எதனால் என்று நீங்களும் நானும் வேறு வேறு கணக்கு வைத்திருக்கிறோம்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். அவவுக்கு இப்போது நோவு இருக்கிறதா, இல்லையா?

நேசம்


வால்தம்ஸ்டோ
12 செப்டெம்பர் 2023

தங்கச்சி,

அவள் சபைக்கு முன்னால் சாட்சி சொன்னாள். அதுதான் பதில்.

நீ என்னைக் கொடியவன் என்று நினைக்கிறாய். சண்டையில் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் பள்ளிக்கூடத்து நிலத்தில் கிடந்தபோது அப்பா எப்படிச் செத்தார் என்பதை மறந்துவிட்டாயா? முப்பது வருடம் சபையில் மூப்பராக இருந்த மனிதர். சோறு காணாது என்று தொடங்கினார். பிறகு பாய் சரியில்லை, பிறகு அம்மா சரியில்லை, கடைசியில் தேவன் சரியில்லை. ஜெபிக்க வந்த போதகரின் கையைத் தட்டிவிட்டார். அந்த முகத்தை நான்தான் மூடினேன். கல் மாதிரி இருந்தது. இன்னொருவர் அப்படிச் சாவதைப் பார்க்க மாட்டேன் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். உன்னிடமும் தவநாயகியிடமும் நான் கடுமையாக இருப்பது அந்தப் பயத்தினால்தான்.

ஆஸ்பத்திரியில் உன் அவிசுவாசத்தை அவளுக்குள் விதைக்காதே. அவள் சொல்வதை மட்டும் சொல். ஒரு சொல்லும் கூட்டாதே, ஒரு சொல்லும் குறைக்காதே.

சற்குணம்


குரோய்டன்
29 செப்டெம்பர் 2023

அண்ணை,

போய்வந்தோம். நீங்கள் கேட்டபடியே செய்தேன்.

எங்களைக் கூப்பிட முன்னம் மச்சாள் கழிவறைக்குப் போனா. நெடுநேரமாகியும் வரவில்லை என்று நானும் போனேன். கதவைப் பூட்டாமல், சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றா. கொமட்டில் இரத்தம். என்னைக் கண்டதும் தண்ணீரை இழுத்துவிட்டா.

"நேசம், நீர் ஒண்டும் காணேல்லை."

டொக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னா: "சபைக்கு முன்னால சுகம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப நோகுது எண்டால், அவரை எல்லே பொய்யனாக்கிறது." கர்த்தரைச் சொன்னாவா, உங்களைச் சொன்னாவா என்று நான் கேட்கவில்லை.

டொக்டர் இளம் பெடியன், மரியாதையானவன். நோவு எப்படி என்று கேட்டான். மச்சாள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு, "சுகம் கிடைச்சிட்டுது. ஒரு குறையும் இல்லை" என்றா. உங்கள் சபையில் அந்தச் சொல் எப்படி வழங்குகிறது என்று எனக்குத் தெரியும். நோவு இருக்கும்போதே சுகம் என்று அறிக்கையிடுவீர்கள், அப்படிச் சொன்னால்தான் சுகம் வரும் என்பதற்காக. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. குணமாகிவிட்டது என்கிறா என்று சொன்னேன். ஏன் மெலிந்தீர்கள் என்றான். "உபவாசம்" என்றா. விரதம் இருக்கிறா என்று சொன்னேன். இரத்தம் போகிறதா என்றான். "இல்லை" என்றா. இல்லை என்று சொன்னேன். எதற்கும் குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்போம் என்றான். "தேவையில்லை" என்றா. தேவையில்லை என்கிறா என்றேன். இரண்டாம் தரமும் கேட்டான், இரண்டாம் தரமும் சொன்னேன். அப்படியென்றால் அது அவவுடைய விருப்பம், மனம் மாறினால் ஜீபியிடம் சொல்லட்டும் என்று எழுதி முடித்தான்.

வெளியே வந்ததும் மச்சாள் என் கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னீர்" என்றா. பஸ்ஸில் இருக்க ஏலாமல் வால்தம்ஸ்டோ வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா.

ஒரு சொல்லும் கூட்டவில்லை, அண்ணை. ஒரு சொல்லும் குறைக்கவில்லை. இப்போது உங்களுக்குத் தெரியும்.

நேசம்


வால்தம்ஸ்டோ
10 ஒக்டோபர் 2023

தங்கச்சி,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பரிசோதனை தேவையில்லை என்று டொக்டரே முடித்துவிட்டதை ஞாயிற்றுக்கிழமை சபைக்கு அறிவித்தேன். தவநாயகியை மறுபடி மேடைக்கு அழைத்தேன். அதிகம் பேசவில்லை. தலையை ஆட்டினாள், அதுவே போதுமாயிருந்தது.

நீ எழுதிய மற்றவற்றை அவளிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறாள். சுவரில் தலை சாய்த்து ஜெபித்திருப்பாள், நீ இரத்தத்தைக் கண்டாய். அவிசுவாசம் காண விரும்புவதைத்தான் காணும்.

சமையல் செய்யும்போது அவள் சில வேளை முனகுவதுண்டு, அதை நான் உன்னிடம் மறைக்கவில்லை. அவளுக்கு அன்போடு எடுத்துச் சொன்னேன்: ஒவ்வொரு முனகலும் நீ சொன்ன சாட்சியில் ஒரு கல்லைக் கழற்றுகிறது. ஏற்றுக்கொண்டாள். இப்போது இந்த வீட்டில் ஒரு முறுமுறுப்பும் இல்லை. வந்து பார்த்தால் உனக்கே பொறாமை வரும்.

சற்குணம்


குரோய்டன்
16 ஒக்டோபர் 2023

அண்ணை,

அவவுடைய ஜீபிக்கு நானே போன் எடுக்கலாம். கண்டதைச் சொல்லலாம், கேட்பார்கள். நம்பரைத் தேடி எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

எடுக்க மாட்டேன். நீங்கள்தான் அனுப்ப வேண்டும். உங்கள் வாயாலேயே "தவம், உனக்கு நோகுது, வா டொக்டரிட்டப் போவம்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு தரம் தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசை. அந்த ஆசையை நான் மறைக்கவில்லை. நீங்கள் முனகலை மறைக்கவில்லை என்று எழுதியது போல.

அப்பா கடைசியில் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். "பசிக்குது" என்றார். அதுதான் அவருடைய அவிசுவாசம்.

நேசம்


குரோய்டன்
18 பெப்ரவரி 2024

அண்ணை,

நேற்று அப்டன் பார்க்கில் வாமதேவன் அண்ணையின் துணிக்கடைக்குப் போனேன். திரைச்சீலைத் துணியை அளந்துகொண்டே, "உங்கட மச்சாளுக்கு இப்ப எப்பிடி? உங்கட சபை மண்டபத்திலேயே விழுந்திட்டாவாம், அம்புலன்ஸிலதானே ஏத்தினவை" என்றார். தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். மேலே கேட்க முடியவில்லை, கடையில் ஆட்கள் நின்றார்கள். மகளுடைய கலியாணத்துக்கு வரச் சொல்லிவிட்டு, "பாஸ்டர் எண்டால் பாஸ்டர்தான், அந்த நேரத்திலயும் பாட்டை நிப்பாட்டேல்லையாம்" என்று சிரித்தார். அவர் முருக பக்தர், உங்களைக் கேலி செய்ய அவருக்கு உரிமை இருக்கிறது.

திரைச்சீலை வாங்காமலே வந்துவிட்டேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள். உங்கள் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டிருக்கிறேன், விருப்பமென்றால் போனிலும் சொல்லலாம்.

நேசம்


வால்தம்ஸ்டோ
24 பெப்ரவரி 2024

நேசமலர்,

போனில் பேச மாட்டேன். என் குரல் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கக் கூடாது.

பெருங்குடலில் தொடங்கி ஈரல் வரை போய்விட்டது. இனி மருந்து இல்லை, நோவைத்தான் குறைக்கலாம் என்கிறார்கள். கடைசி நாட்களுக்கு வைத்துப் பார்க்கும் ஹொஸ்பிஸுக்கு மாற்றிவிட்டார்கள், விலாசம் தனித்தாளில் இருக்கிறது.

நீ அங்கே நின்றாய். இரத்தத்தைக் கண்டாய். கண்டும், உன் வாயாலேயே இல்லை என்றாய். நான் மூடனாக இருக்கலாம், நான் விசுவாசித்தேன். நீ விசுவாசிக்கவில்லையே. சுகம் என்று அவள் சொன்னது நடக்காத காரியம் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அதை இங்கிலீஷாக்கினாய். என்னிடம் கோபம் என்றால் என்னைக் கொன்றிருக்கலாம்.

இன்னொன்று. நோவுக்கு ஊசி போட்ட அன்று அவள் வாயைத் திறந்தாள். இன்னும் மூடவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டதாம். போர்வை சொறிகிறதாம். நான் பாடத் தொடங்கினால், "அதை நிப்பாட்டுங்கோ, கலியாணம் கட்டின நாளிலையிருந்து உங்களுக்குச் சுதி இல்லை" என்கிறாள். ஜெபிக்க வந்த சபைச் சகோதரிகளுக்கு முன்னால், "இவர் என்னை நோகுது எண்டு சொல்ல விடேல்லை" என்றாள். மருந்தின் மயக்கம் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். இனி சபையார் ஒருவரும் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய முகம் அப்பாவின் முகம் மாதிரி வருகிறது.

நீ வந்து பேசு. உன்னிடம் அவளுக்கு விருப்பம் இருந்தது. சமாதானத்தோடு போகட்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்.

சற்குணம்


குரோய்டன்
5 மார்ச் 2024

அண்ணை,

போனேன். உள்ளே விடவில்லை.

மேனுஷா என்று ஒரு நேர்ஸ், இங்கேயே பிறந்த யாழ்ப்பாணப் பிள்ளை. பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து என்னைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய், "சொறி அன்ரி. அவ வேண்டாம் எண்டிட்டா. உங்கட பேர் சொல்லியே சொன்னவ" என்றாள். ஏதும் காரணம் சொன்னாவா என்று கேட்டேன். உங்களிட்டச் சொல்லச் சொல்லித்தான் அவ சொன்னவ என்றாள். மச்சாள் சொல்லிவிட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒராள் என்னை வாய் திறக்க விடேல்லை. மற்றாள் நான் வாய் திறந்து சொன்னதை அப்பிடியே சொன்னவ. ரெண்டு பேரும் வேண்டாம்."

உங்களுக்கும் அதே கதவுதான், அண்ணை. இந்தக் கடிதம் வந்து சேர முன்னம் நீங்களே அறிந்திருப்பீர்கள்.

உங்கள் குற்றச்சாட்டுக்குப் பதில் எழுத நினைத்து மூன்று தாள் கிழித்தேன். நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்று எழுதலாம், அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டேன். கதவடியில் நின்றபோது அது உதவவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். அறைக்குள் மச்சாளின் குரல் கேட்டது. தலையணையைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, பக்கத்து அறைக் கிழவியின் டிவியைப் பற்றி ஒன்று விடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தா. மேனுஷா ஏதோ சொன்னாள். மச்சாள் சிரித்தா. அவவுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

முகம் அப்பாவின் முகம் மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கதவு இடுக்கால் ஒரு கணம் பார்த்தேன். கல் மாதிரி இல்லை.

நேசம்


வால்தம்ஸ்டோ
21 மார்ச் 2024

தங்கச்சி,

என்னையும் விடவில்லை. கட்டின புருஷனை. நாள்தோறும் போகிறேன். வரவேற்பறையில் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தருகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளை வந்து, "இண்டைக்கும் வேண்டாமாம், அங்கிள்" என்கிறது. கார் நிற்குமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு எழுந்தேன். வனாந்தரம் என்று தொடங்கினேன், மேலே போக முடியவில்லை. நாற்பது வருடம் அந்த ஜனங்கள் முறுமுறுத்தார்கள். தேவன் நாற்பது வருடமும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார் என்பது எனக்கு அந்த மேடையில் நிற்கும்போதுதான் தோன்றியது. கோபித்தார், தண்டித்தார், ஆனால் கேட்டார். நான் அதைச் சபைக்குச் சொல்லவில்லை. பாட்டைத் தொடங்கிவிட்டேன்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. இது எனக்குப் பழக்கம். அவள் இங்கே இருந்தபோதும் இப்படித்தான் இருந்தது. இப்போதுதான் அதைக் கேட்கிறேன்.

உனக்கு அந்த நேர்ஸ் பிள்ளையிடம் பேச முடிகிறது. என்னோடு அவள் அளந்துதான் பேசுகிறாள். தவநாயகி என்ன சொல்கிறாள் என்று கேட்டுச் சொல். என்னைப் பற்றிய குறையாக இருந்தாலும் பரவாயில்லை. நான் மறுக்க மாட்டேன், வேத வசனம் சொல்ல மாட்டேன். ஒன்றாவது கேட்டு எழுது.

சற்குணம் அண்ணை


குரோய்டன்
28 மார்ச் 2024

அண்ணை,

கேட்டேன்.

திங்கட்கிழமை கஞ்சிக்கு உப்புப் போடவில்லை என்று சொன்னாவாம். அதற்குப் பிறகு பேசவில்லை. கண் திறப்பதில்லை, ஒன்றும் விழுங்குவதில்லை. இரண்டு நாளோ மூன்று நாளோ என்கிறார்கள். உங்களைப் பற்றி என்ன சொன்னா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். எங்களை வேண்டாம் என்ற அந்த ஒரு நாளுக்குப் பிறகு உங்களைப் பற்றி ஒன்றும் இல்லையாம். என்னைப் பற்றியும் இல்லையாம். கேட்டால், அதை விடு பிள்ளை என்று வேறு கதை எடுத்துவிடுவாவாம். உங்களுக்கு எழுதுவதற்காக ஒரு குறையை நானே உண்டாக்கி எழுதியிருக்கலாம். எழுதப் போவதில்லை. அது கூட உங்களுக்குக் கிடைக்க வேண்டாம்.

மேனுஷா இன்னொன்றும் சொன்னாள். மச்சாள் சொன்னது சொன்னதுதானாம். நினைவு போனாலும் அது அவவுடைய சொல்தான். ஆனால் கடைசி நேரத்தில் புருஷன் வந்து வாசலில் நின்றால் தாங்கள் பிடித்துத் தள்ள மாட்டோம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம். எனக்கும் அப்படித்தானாம். வரச் சொன்னாள். "ஒருத்தரும் இல்லாமல் போகக் கூடாது அன்ரி" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நான் போக மாட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னம் டொக்டரின் மேசைக்கு முன்னால் அவ பரிசோதனை வேண்டாம் என்று சொன்னபோது அதை மீறியிருக்க வேண்டியவள் நான். அப்போது மீறவில்லை. இப்போது அவ உண்மையாகவே நினைத்துச் சொன்ன ஒரே வேண்டாம் இதுதான். இதை மீறி உள்ளே போய் அவவுடைய கையைப் பிடித்தால், அது என்னுடைய சுகத்துக்காகத்தான் இருக்கும்.

நீங்கள் போவீர்கள், அண்ணை. எனக்குத் தெரியும். ஜெபிப்பீர்கள். தேவ சமாதானத்தோடு, வாய் திறவாமல் போனாள் என்று ஞாயிற்றுக்கிழமை சபைக்குச் சொல்வீர்கள், சபையும் அழும்.

போங்கள். உங்களை வேண்டாம் என்று சொல்ல அந்த அறையில் இனி ஒருவரும் இல்லை.

நேசம்